குட்டியின் வயிறு ஏன் உப்புகிறது?

வீட்டில் புதிதாக ஒரு நாய்க்குட்டி. வயிறு நன்றாக உப்பியிருக்கிறது. "கொழுகொழுன்னு இருக்கே!" என்று எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்சம் முதுகைத் தடவிப் பாருங்கள். எலும்பு கையில் தட்டுகிறதா? அப்படியானால் அது கொழுப்பு இல்லை. பெரும்பாலும் குடல்புழுதான்.

"குட்டி இன்னும் தெருவில் கால்கூட வைக்கவில்லையே" என்பீர்கள். வைக்க வேண்டாம். புழு தாயிடமிருந்தே வரும். உருளைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் போய்விடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகப் போகும். அதனால்தான் பிறந்த இரண்டாவது வாரத்திலேயே புழு மருந்தைத் தொடங்கச் சொல்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். ஒரு தடவை போதாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சில தடவை கொடுக்க வேண்டும். தாய்க்கும் கொடுக்க வேண்டும். தாயைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

கொக்கிப்புழு ரத்தம் குடிக்கும். ஈறு வெளுத்திருந்தால் மருத்துவரிடம் போவதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

வளர்ந்த நாயா? வாலடியில் அரிசி போல வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அது நாடாப்புழு. அதைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி. நாய் உடம்பைக் கடிக்கும்போது தெள்ளையும் விழுங்கிவிடும். தெள்ளு ஒழியாமல் புழு ஒழியாது.

மருந்தின் அளவு நாயின் எடையைப் பொறுத்தது. நமக்கு வாங்கிய மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

உருளைப்புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். குழந்தைகளுக்கும் தொற்றும். நாயின் மலத்தை அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள். மண்ணில் விளையாடிய பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.