ஒரே செடி, இரண்டு பெயர், இரண்டு நீதி

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் கஞ்சாச் சட்டம் நமக்கு எதுக்குன்னு சிலர் கேட்கலாம். 1946-இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. அங்கே ஒடுக்கப்பட்டவர்கள் என்ன செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன செய்யப்படுகிறது என்று பார்ப்பது நமக்குப் புதிதல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். செடி ஒண்ணுதான். நாருக்கும் விதைக்கும் வளர்த்தால் ஹெம்ப் என்பார்கள். போதைக்கு வளர்த்தால் மரிஜுவானா. போதை தருவது அதிலுள்ள டி.எச்.சி. என்ற பொருள். 2018 டிசம்பரில் வந்த மத்திய விவசாயச் சட்டம் ஒரு கோடு கிழித்தது. காய்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் ஹெம்ப், அது விவசாயப் பொருள். தாண்டினால் மரிஜுவானா, அது குற்றப் பொருள். இதற்கு முன்நின்றவர் கென்டக்கி மாநில செனட்டர் மிட்ச் மெக்கானல்.

நம்ம நாட்டிலேயும் இந்த வித்தை உண்டு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் பூவையும் பிசினையும் தடை செய்தது, தனி இலையை விட்டுவிட்டது. அதனால்தான் வட மாநிலங்கள் சிலவற்றில் பாங் கடைக்கு அரசே உரிமம் கொடுக்கிறது.

கோடு கிழித்தால் வியாபாரி சும்மா இருப்பானா? ஹெம்பிலிருந்து போதை தராத சி.பி.டி.யை எடுத்தார்கள். அமிலம் சேர்த்து அதை டெல்டா-8 டி.எச்.சி. ஆக மாற்றினார்கள். அதுவும் போதைதான். ஆனால் சட்டம் டெல்டா-9-ஐ மட்டும்தானே அளக்கச் சொன்னது! அதிலும் எடைக் கணக்கு. 350 கிராம் பானத்துக்கு 0.3 சதவீதம் போட்டுப் பாருங்க, ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். மினசோட்டா மாநிலம் 2022-இல் ஒரு வேளைக்கு அனுமதித்த அளவு வெறும் 5 மில்லிகிராம். இப்படித்தான் பெட்ரோல் பங்க் கடையில்கூட போதை மிட்டாய் வந்தது.

பிறகு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு திசையில் ஓடியது. மினசோட்டா வயதும் அளவும் வைத்து அனுமதித்தது. கலிபோர்னியா 2024 செப்டம்பரில் அவசர விதி போட்டு, டி.எச்.சி. உள்ள ஹெம்ப் உணவுப் பொருள்களைத் தடுத்தது. டெக்சாஸ் சட்டமன்றம் 2025-இல் முழுத் தடைச் சட்டமே நிறைவேற்றியது, ஆளுநர் அதைத் தடுத்து நிறுத்தினார். 2025 நவம்பரில் மத்திய அரசு வரையறையையே மாற்றியது. ஒரு டப்பாவுக்கு மொத்தம் 0.4 மில்லிகிராம் டி.எச்.சி.தான், அதற்கு மேல் ஹெம்ப் இல்லை. அமலுக்கு வர ஓராண்டு அவகாசம். இதற்கும் முன்நின்றவர் அதே மெக்கானல்தான்!

இதில் கறுப்பின மக்கள் எங்கே இருக்கிறார்கள்? அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதை வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு 3.64 மடங்கு அதிகம். மெக்கானலின் கென்டக்கியில் ஒன்பது மடங்குக்கு மேல். அந்தக் கென்டக்கியில்தான் 19-ஆம் நூற்றாண்டில் கறுப்பின அடிமைகள் ஹெம்ப் பயிரிட்டு நார் உரித்தார்கள். அந்த நாரில் செய்த கயிறும் சாக்கும் தெற்கே இன்னும் பல அடிமைகள் பறித்த பஞ்சுப் பொதியைக் கட்டின. அந்த உழைப்புக்குக் கூலி இல்லை.

2018 சட்டத்துக்குள்ளேயே இன்னொரு விதி இருக்கிறது. போதைப்பொருள் வழக்கில் பெருங்குற்றத் தண்டனை பெற்றவர் பத்தாண்டுகளுக்கு ஹெம்ப் பயிரிட உரிமம் பெற முடியாது. எந்தச் செடிக்காகச் சிறைக்குப் போனானோ, அதே செடி வியாபாரமானபோது வாசலில் நிறுத்திவிட்டார்கள். பிடிக்கும்போது ஆளைப் பார்த்துப் பிடித்தார்கள். உரிமம் கொடுக்கும்போது 'எல்லோருக்கும் ஒரே விதி' என்கிறார்கள். நாம கேட்டுப் பழகிய நியாயம்தான் இது, இல்லையா?

லூசியானாவைப் பாருங்க. 2008-இல் வீடில்லாத ஒரு கறுப்பர், மாறுவேடப் போலீசுக்கு 20 டாலர் கஞ்சா வாங்கிக் கொடுத்தார். பழைய தண்டனைகளைக் காட்டி, பரோலே இல்லாத ஆயுள் தண்டனை விதித்தார்கள். சரக்குக் கொடுத்த வெள்ளையரைக் கைது செய்யவில்லை. கறுப்பர் வெளியே வந்தது 2020 டிசம்பரில். அதே மாநிலம் 2022-இல் ஒரு வேளைக்கு 8 மில்லிகிராம் டி.எச்.சி. உள்ள ஹெம்ப் பொருளைக் கடையில் விற்க விட்டது. 2025-இல் வியாபாரிக்கு ஓராண்டு அவகாசம் தந்தார்கள். அந்த 20 டாலர் மனிதனுக்கு ஒரு நிமிஷ அவகாசம் கிடைத்ததா?

"அப்போ நீங்க போதைக்கு வக்காலத்தா?" என்று கேட்பீர்கள். இல்லை. பரிசோதனை இல்லாத சரக்கு, குழந்தைகள் எடுத்துத் தின்னும்படி மிட்டாய் உறை — இதையெல்லாம் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். வயது வரம்பு, ஆய்வகச் சோதனை, அளவுச் சீட்டு, மீறும் கம்பெனிக்கு அபராதம் எல்லாம் வேண்டும். ஆனால் வைத்திருப்பவனையே குற்றவாளியாக்கும் தடை வேறு. டெக்சாஸ் மசோதா அதைத்தான் கேட்டது. அந்தத் தடையோடு போலீஸ் எந்தத் தெருவுக்குள் நுழையும் என்பதற்குக் கைதுக் கணக்கே சாட்சி.

வேறு வழியும் இருந்தது. நியூயார்க் 2021-இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபோது, வரி வருவாயில் 40 சதவீதத்தை, கைதுகளால் சிதைந்த பகுதிகளுக்கு ஒதுக்கியது. முதல் கடை உரிமங்களைப் பழைய கஞ்சா வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றது. எதிர்த்து வழக்குகள் வந்தன, தாமதம் ஆயிற்று. ஆனாலும் கேட்கலாம், வாங்கலாம் என்று அது காட்டியது.

ஆகவே தோழர்களே, ஒரு சட்டத்தைப் படிக்கும்போது எதைத் தடுக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கோட்டை யார் போட்டது, கோடு நகரும்போது யாருக்கு முன்கூட்டியே சொல்லப்படுகிறது, நேற்றைய கோட்டுக்காக உள்ளே போனவனின் பதிவேடு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கோடு மாறினால் பழைய தண்டனையும் மாற வேண்டும். அதில்லாத சட்டத் திருத்தம் வியாபாரத் திருத்தம் மட்டும்தான்.