தண்ணீர் மொண்டவர் ஆகார்

தொடக்கநூல் 21ஆம் அதிகாரத்தில், வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட ஆகார் பாலைநிலத்தில் மகனோடு தாகத்தால் தவிக்கிறார். கடவுள் அவர் கண்களைத் திறக்கிறார், கிணறு தெரிகிறது. ஆனால் தோல்பையில் தண்ணீர் மொண்டு மகனுக்குக் கொடுத்தவர் வானதூதர் அல்லர், ஆகாரேதான்.

2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி, படகேறி தனுஷ்கோடிக் கரையில் இறங்கிய தாய்மாரை நினைத்துப் பார்க்கிறேன். மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். பேசுவது நம் தமிழ்தான். இங்கோ பள்ளிச் செய்தி, பணம், விண்ணப்பம் எல்லாம் செல்போனுக்குள். வீட்டுக்கு ஒரே போன் என்றால், பெயின்ட் வேலைக்குப் போகும் கணவரோடு ஓ.டி.பி.யும் போய்விடும்.

உதவ வருகிற நாமும் என்ன செய்கிறோம்? போனை வாங்கி, கடகடவென்று தட்டி, முடித்துக் கொடுத்துவிடுகிறோம். ரகசிய எண்ணையும் கேட்டு வாங்குகிறோம்! வேண்டாம். போன் அந்தச் சகோதரியின் கையிலேயே இருக்கட்டும், அருகில் உட்காருங்கள். வங்கிக் கணக்கெல்லாம் பிறகு. முதல் நாள், மன்னாரில் இருக்கும் அம்மாவின் முகத்தை அவரே வீடியோவில் அழைத்துப் பார்க்கட்டும்.

அரைமணி நேரம் பிடிக்கும். திருப்பலி முடிந்தபின் உங்கள் பங்கு மண்டபம் சும்மாதானே இருக்கிறது?