விழாக்காலம் அறிந்து நகரம் காண்போம்

(சுற்றுலாக் கல்வி பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரை)

ஒரு நகரத்தைக் காணப் புறப்படுவோர் முதலில் எழுப்பும் வினா, 'எங்கே தங்குவது?' என்பதாகும். அடுத்தது, 'எவற்றைப் பார்ப்பது?' என்பது. 'எப்போது செல்வது?' என்ற வினா பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. விடுமுறை கிடைக்கும்போது செல்வது என்று அதற்கு விடையும் எளிதில் கூறப்பட்டுவிடுகிறது. நம் நாட்டு நகரங்களைப் பொறுத்தவரை இந்த வரிசையை மாற்றியமைக்க வேண்டும் என்பதே இன்று நான் வலியுறுத்த விரும்பும் கருத்தாகும். தசரா நாட்களின் மைசூரும் மற்ற நாட்களின் மைசூரும் ஒன்றல்ல. தேரோடும் பூரியும் தேர் நிலையில் நிற்கும் பூரியும் ஒன்றல்ல. காலத்தை முதலில் முடிவு செய்துகொண்டால் ஏனையவற்றை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள முடியும். பயணிக்கு மட்டுமன்றி, அவரை வரவேற்கும் நகரத்திற்கும் அதுவே நன்மை பயக்கும்.

இதனை விளக்குவதற்குக் கொல்கத்தா நகரை எடுத்துக்கொள்கிறேன். அந்நகரின் துர்க்கா பூஜையை 2021 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம், மனித குலத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. 2019ஆம் ஆண்டுப் பூஜையை ஆதாரமாகக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, மேற்கு வங்க மாநிலத்தில் அவ்விழாவைச் சார்ந்த கலைத் தொழில்களின் மதிப்பு ரூ. 32,000 கோடிக்கும் அதிகம் என்று கணக்கிட்டது. ஆகவே, இவ்விழா பக்தியை மட்டும் பொறுத்ததன்று. பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பையும் பொறுத்தது.

மூன்று வகைக் கணக்கு

கொல்கத்தாவின் விழாக்கள் மூன்று வகையான காலக் கணக்குகளைப் பின்பற்றுகின்றன. இவற்றைப் பிரித்தறிவதே பயணத் திட்டத்தின் முதற்படி.

முதலாவது, ஆங்கில மாதக் கணக்கு. 1976இல் தொடங்கிய கொல்கத்தா புத்தகக் கண்காட்சி ஜனவரி இறுதியையொட்டி நடைபெறுவது வழக்கம். 1952இல் தொடங்கிய டோவர் லேன் இசை மாநாடும் ஜனவரிப் பிற்பகுதியில் இரவு முழுவதும் நீளும் கச்சேரிகளாக நடைபெறுகிறது. டிசம்பரில் பார்க் தெருவின் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமும் இவ்வகையைச் சார்ந்ததே.

இரண்டாவது, சூரியக் கணக்கு. வங்காளப் புத்தாண்டாகிய பைசாகம் முதல் நாள் நமது சித்திரைப் புத்தாண்டையொட்டி, ஏப்ரல் நடுவில் வரும். அன்று வணிகர்கள் புதுக் கணக்கு எழுதுவார்கள். பைசாகம் 25ஆம் நாள் இரவீந்திரநாத் தாகூரின் பிறந்த நாள். மே மாதத் தொடக்கத்தில் வரும் அந்நாளில் அவர் பிறந்த ஜோராசாங்கோ இல்லத்தில் பாடல்களும் கவிதைகளும் ஒலிக்கும்.

மூன்றாவது, திதிக் கணக்கு. துர்க்கா பூஜை, காளி பூஜை, சரசுவதி பூஜை ஆகியன இதன்பாற்படும். திட்டமிடுவோரைத் தடுமாறச் செய்வதும் இதுவே. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. எனவே விழா ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகரும். அதிக மாதம் வரும் ஆண்டில் சுமார் 19 நாட்கள் பின்னே செல்லும். மகா அஷ்டமி 2021இல் அக்டோபர் 13. 2022இல் அக்டோபர் 3. அதிக மாதம் வந்த 2023இல் அக்டோபர் 22. 2024இல் அக்டோபர் 11. 2025இல் செப்டம்பர் 30. அதிக மாதம் வரும் 2026இல் அது அக்டோபர் 19. சென்ற ஆண்டின் தேதியை வைத்து இவ்வாண்டுக்கு விடுப்புக் கேட்பவர் ஏமாறுவார் என்பது இதிலிருந்து விளங்கும்.

மகாளய அமாவாசை வந்துவிட்டால் ஒரு வாரத்தில் பூஜை தொடங்கிவிடும் என்பது பொது விதி. இதற்கும் விலக்கு உண்டு. 2020இல் அமாவாசை செப்டம்பர் 17இல் வந்தது. இடையில் அதிக மாதம் புகுந்தமையால் சஷ்டி அக்டோபர் 22இல்தான் வந்தது. பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் பயணச்சீட்டு வாங்கலாகாது.

மழையும் கணக்கில் சேரும்

தேதி நகரும்போது வானிலையும் மாறுகிறது. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் இரண்டாம் வாரத்தில்தான் கொல்கத்தாவை விட்டு விலகுகிறது. எனவே செப்டம்பர் இறுதியில் வரும் பூஜை மழைக்காலப் பூஜை. அக்டோபர் பிற்பகுதியில் வரும் பூஜை பெரும்பாலும் தெளிந்த வானத்துப் பூஜை. 2025இல் அஷ்டமிக்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 23 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், அந்நகரில் 250 மில்லி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தெருக்களில் நீர் தேங்கி, மின்சாரம் தாக்கிப் பலர் உயிரிழந்தனர். பூஜை முன்கூட்டி வரும் ஆண்டில் செல்வோர், நீர் தேங்காத பகுதியில் தங்குவதும், ஒரு நாளேனும் கூடுதலாக வைத்துக்கொள்வதும் அறிவுடைமையாகும்.

விழாவுக்கு முன்னதான விழா

சப்தமி முதல் நவமி வரையிலான மூன்று இரவுகளையே பயணிகள் பெரிதும் நாடுகின்றனர். அந்த இரவுகளில் கூட்டத்தோடு நகரத்தான் இயலும். நின்று பார்க்க இயலாது. ஆனால் விழாவின் உழைப்பு அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. தேர்த் திருநாளன்று சிலையின் சட்டத்திற்குப் பூஜை செய்து பணியைத் தொடங்குவது மரபு. வடக்குக் கொல்கத்தாவில் உள்ள குமார்துளி, சிலை வடிக்கும் குயவர்களின் குடியிருப்பு. மூங்கிலால் சட்டம் கட்டி, வைக்கோலைச் சணல் கயிற்றால் சுற்றி உருவம் அமைத்து, அதன்மேல் களிமண் பூசி, உலர்த்தி, வெடிப்புகளை அடைத்து, வண்ணம் தீட்டி முடிக்கும் வேலை அங்குள்ள குறுகிய சந்துகளில் நடைபெறுகிறது. தேவியின் கண் திறக்கும் சடங்கு மகாளயத்தன்று நிகழும். அன்று விடியற்காலையில், 1931இல் தொடங்கிய 'மகிஷாசுரமர்த்தினி' வானொலி நிகழ்ச்சியை வங்காளிகள் வீடுதோறும் கேட்கின்றனர்.

நமது தஞ்சைப் பகுதியில் நெட்டியைச் சீவிக் கோயில் வடிவங்கள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே இனத்து நெட்டியால் வங்கக் கைவினைஞர்கள் தேவிக்கு மகுடமும் அணிகளும் செய்கின்றனர். பூஜை நெருங்கும்போது, தாக் என்னும் பெருமேளத்தை வாசிப்போர் மாவட்டங்களிலிருந்து வந்து சியால்தா ரயில் நிலையத்தருகே கூடுகின்றனர். விழாக்குழுவினர் அங்கு வந்து கூலி பேசி அவர்களை அழைத்துச் செல்கின்றனர். சிலை செய்வோருக்கும் மேளம் வாசிப்போருக்கும் ஆண்டு வருவாயின் பெரும் பகுதி இந்தச் சில வாரங்களில்தான் கிடைக்கிறது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் கல்கத்தா உயர் நீதிமன்றம் பொதுமக்கள் பந்தல்களுக்குள் நுழையக்கூடாது என ஆணையிட்டது. சிறிய சிலைகளும் குறைந்த வேலைகளுமே கிடைத்த அந்த ஆண்டு, வருகை குறைந்தால் யார் முதலில் பாதிக்கப்படுகிறார்கள் என்பதைக் காட்டியது.

எனவே, முதல் முறை செல்பவருக்கு நான் கூறும் யோசனை இது. மகாளயத்தை ஒட்டிச் செல்லுங்கள். குமார்துளியைப் பகலில் பாருங்கள். பணி செய்வோரின் வழியை மறிக்காதீர்கள். அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். சதுர்த்தி, பஞ்சமி நாட்களில் பல பந்தல்கள் திறந்துவிடுகின்றன. சஷ்டியன்றோ சப்தமி காலையிலோ ஊர் திரும்பினாலும் நீங்கள் இழப்பது சிறிதே.

கூட்டமும் பாதுகாப்பும்

'எல்லோரும் செல்லும் நாளில் செல்வதல்லவா விழா?' என்று ஒரு வினா எழலாம். உண்மையே. ஆயினும் ஒரே நாளில், ஒரே இடத்தில் மக்கள் குவியும்போது என்ன நேரும் என்பதை அண்மை நிகழ்ச்சிகள் உணர்த்தியுள்ளன. 2025 ஜனவரி 29, மௌனி அமாவாசையன்று பிரயாக்ராஜ் கும்பமேளா நெரிசலில், அரசு அறிவித்தபடி, 30 பேர் உயிரிழந்தனர். பிப்ரவரி 15 இரவு, அதே மேளாவுக்குச் செல்லப் புதுதில்லி ரயில் நிலையத்தில் கூடியிருந்தோரிடையே ஏற்பட்ட நெரிசலில் 18 பேர் மாண்டனர். காவலையும் வழிகளையும் செம்மைப்படுத்துவது அரசின் கடமை. அதை எவரும் பயணியின் தலையில் சுமத்த முடியாது. எனினும், நாளை மாற்றிக்கொள்ள வசதியுள்ளவர் மாற்றிக்கொண்டால், மாற்ற முடியாதவருக்கு, குறிப்பாக அந்நாளில் நீராடுவதையோ வழிபடுவதையோ வாழ்நாள் விருப்பமாகக் கொண்டுள்ள முதியவருக்கு, இடம் கிடைக்கும்.

விழாவுக்குப் பின்னும் வாய்ப்புகள் உண்டு. விஜயதசமிக்கு ஏறக்குறைய மூன்று வாரங்களில் தீபாவளி அமாவாசையன்று காளி பூஜை வரும். அதன்பின் கார்த்திக மாத வளர்பிறை நவமியை ஒட்டிச் சந்தன்நகரில் ஜகத்தாத்திரி பூஜை. புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அச்சிறு நகரம் கொல்கத்தாவுக்கு அருகில் உள்ளது. மின்விளக்கு அலங்காரக் கலைஞர்களுக்குப் பெயர்பெற்றது. பயணிகள் இவ்வாறு பரவிச் சென்றால் வருவாயும் பரவும்.

திட்டம் தீட்டும் முறை

இனி, செய்முறைக்கு வருவோம். முதலில், நீங்கள் காண விரும்புவது கைத்தொழிலா, வழிபாடா, இசையா, நூல்களா என்பதை முடிவு செய்யுங்கள். நூல்களை நாடுபவருக்குப் பூஜைக் காலம் ஏற்றதன்று, ஜனவரியே ஏற்றது.

இரண்டாவதாக, நாளை உறுதி செய்தபின் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்னர் தொடங்குகிறது. அதற்கு முன்பு அது 120 நாட்களாக இருந்தது. அக்டோபர் 14இல் சென்னையிலிருந்து புறப்படுபவருக்கு முன்பதிவு ஆகஸ்டு 15இல் திறக்கும். திரும்பும் சீட்டையும் அதற்குரிய நாளில் தவறாமல் வாங்கிவிட வேண்டும். போகும் வழியை மட்டும் உறுதி செய்துகொண்டு விழாக்கூட்டத்தில் சிக்குவோர் பலர்.

மூன்றாவதாக, ஊருக்குள் செல்லும் வழியை அறிந்துகொள்ளுங்கள். 1984 அக்டோபர் 24 அன்று நாட்டின் முதல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது கொல்கத்தாவில்தான். ஹூக்ளி ஆற்றின் அடியில் செல்லும் பாதை 2024இல் திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு முதல் ஹவுராவும் சியால்தாவும் ஒரே மெட்ரோ தடத்தில் இணைந்துள்ளன. குமார்துளிக்குச் செல்ல ஷோபாபஜார் நிலையத்தில் இறங்கலாம். பூஜை இரவுகளில் சாலைப் போக்குவரத்து மாற்றிவிடப்படுவதால் மெட்ரோவுக்கு அருகே தங்குவது சிறந்தது. அரசு அலுவலகங்கள் அந்நாட்களில் விடுமுறையில் இருக்கும். அலுவலக வேலையைப் பயணத்தோடு இணைக்க எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் பயண நிறுவனங்களிலும் சுற்றுலாத் துறைகளிலும் பணியாற்றப் போகிறீர்கள். உங்களிடம் வருபவர் பெரும்பாலும் புகழ்பெற்ற ஒரு நாளையே கேட்பார். அந்த நாளுக்குச் சீட்டு வாங்கித் தருவதோடு உங்கள் கடமை முடிந்துவிடுவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களின் சிறப்பை எடுத்துக் கூறி, அவருக்கு உகந்ததைத் தேர்ந்தெடுக்க உதவுங்கள். நீங்கள் மாற்றித் தரும் ஒவ்வொரு பயண நாளும், ஒரு குயவரின் பட்டறைக்கு முன்கூட்டியே ஒரு பார்வையாளரை அழைத்துச் செல்லும். நவமி இரவின் நெரிசலில் ஒருவரைக் குறைக்கும்.