வீட்டிலிருந்து சேர்வரைப் பார்த்துக்கொள்ளுதல்
(நூற்றாண்டு விழாவின் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் மூவர், ஒரே வகுப்பில் படித்தவர்கள். மூவரும் இப்போது கனமூலையில் இருக்கிறோம். கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் சேர்வரை, அதாவது சம்பளப் பட்டியல், கணக்கு, களஞ்சிய விபரம் எல்லாம் இருக்கும் பிரதான கணினியை, ஊரிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம். "வீட்டில் இருந்துகொண்டு கொழும்புக் கணினியை எப்படிப் பிள்ளை வேலை வாங்குவது?" என்று எங்கள் உம்மாமார் இன்னும் கேட்கிறார்கள். சங்கமும் அதையே கேட்டதால் இங்கு வந்து நிற்கிறோம்.

ஆரம்பத்தில் நாங்களும் கொழும்புக்குப் போய் வந்தவர்கள்தான். மதுரங்குளிக்கு வந்து பஸ் ஏறினால் போக மூன்று மணித்தியாலத்துக்கு மேல், வர அதே அளவு. எங்களில் ஒருத்தி திருமணத்தோடு வேலையை விட்டாள். இன்னொருத்தி முதல் பிள்ளையோடு விட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை. பஸ் நேரமும் பிள்ளையின் பால் நேரமும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். கணினி படித்த எத்தனை மாணவிகளின் சான்றிதழ்கள் அலுமாரிக்குள் இருக்கின்றன என்பது இந்த மண்டபத்துக்குத் தெரியும்.

2020 மார்ச் 18ஆம் திகதி புத்தளம் மாவட்டத்தில் ஊரடங்கு வந்தது. 20ஆம் திகதி அது நாடு முழுவதற்கும் வந்தது. சேர்வரைக் கவனிக்க அலுவலகத்துக்குப் போகக்கூடியவர் ஒருவரும் இல்லை. அப்போதுதான் நிறுவனம் வேலையை விட்டவர்களையும் சேர்த்து எங்களை அழைத்தது. அதற்கு முன் "வீட்டிலிருந்து செய்யலாமா?" என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் "முடியாது" என்ற பதில்தான் வந்தது. ஒரே வாரத்தில் அது முடியும் என்றாகிவிட்டது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வீட்டுக் கணினியில் ஒரு கட்டளையை எழுதுகிறோம். அது இணையத்தின் வழியாகப் போய்ச் சேர்வரில் நிறைவேறுகிறது. விடை எழுத்தாகத் திரும்பி வருகிறது. இதற்குப் பழைய காலத்தில் டெல்நெட் என்ற முறை இருந்தது. அதில் கடவுச்சொல் உட்பட எல்லாம் தபாலட்டையில் எழுதியதுபோலத் திறந்தபடியே போகும். பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் ஒருவர் அப்படிக் கடவுச்சொற்களைத் திருடிய பிறகு, அங்கிருந்த டாட்டு இலோனன் 1995இல் எஸ்.எஸ்.எச் என்ற பாதுகாப்பான முறையை எழுதினார். போவதும் வருவதும் மறைகுறியாகவே இருப்பதால் நடுவில் நின்று எடுத்தாலும் வாசிக்க முடியாது. இன்று உலகின் பெரும்பாலான லினக்ஸ் சேர்வர்கள் இந்த வழியில்தான் பராமரிக்கப்படுகின்றன. விண்டோஸ் சேர்வர் என்றால் அதன் திரையையே வீட்டுக்குக் கொண்டுவரும் ரிமோட் டெஸ்க்டொப் என்ற முறை உண்டு. ஆனால் படத்தை அனுப்ப டேட்டா அதிகம் வேண்டும். எழுத்து மட்டும் என்றால் ஒரு கோடு சிக்னலிலும் வேலை நடக்கும். கனமூலையில் இந்த வித்தியாசம் பெரிது.

2022இல் அதை நன்றாக உணர்ந்தோம். மார்ச் மாத முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. 900 மெகாவாட் நுரைச்சோலை நிலையம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது, நாங்களோ குப்பி விளக்கில் இருந்தோம். கரண்ட் போனால் ரவுட்டர் நின்றுவிடும். சில மணித்தியாலத்தில் தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும். பாதி வேலையில் தொடர்பு அறுந்தால் அந்த வேலையும் பாதியில் நின்றுபோகும். அப்போதுதான் டீமக்ஸ் என்ற சிறு மென்பொருளைப் பழகினோம். அதற்குள் தொடங்கிய வேலை, எங்கள் பக்கம் இருளானாலும் சேர்வரில் தொடர்ந்து ஓடும். கரண்ட் வந்ததும் உள்ளே போனால் விட்ட இடத்திலேயே இருக்கும். வீட்டிலிருந்து இந்த வேலை செய்ய நினைக்கும் தங்கைகள் முதலில் படிக்கவேண்டியது இதுதான்.

இனி எங்கள் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். அதே வருடம், எரிபொருள் இல்லாத காலம், ஒரு மாதக் கடைசி. இரவு பத்து மணியளவில் சேர்வரின் தீச்சுவர் விதிகளைத் திருத்தினோம். யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்லும் விதிகள் அவை. ஒரு வரியைப் பிழையான இடத்தில் போட்டோம். உடனே திரை உறைந்துவிட்டது. எங்களுக்கும் சேர்த்துக் கதவை அடைத்துவிட்டோம். உள்ளிருந்தால்தான் அதைத் திறக்கலாம், நாங்களோ வெளியே. விடிந்தால் அறுபது பேருக்குச் சம்பளம் போகவேண்டும். பஸ் இல்லை, வேனுக்கு டீசல் இல்லை.

கடைசியில் அலுவலகக் காவலாளிக்குத் தொலைபேசி எடுத்தோம். எங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில், "அங்கிள், மாடியில் கண்ணாடி அலுமாரிக்குள் நீல வெளிச்சம் எரியும் கறுப்புப் பெட்டி இருக்கிறதா?" என்று கேட்டோம். அவர் டோர்ச்சோடு மாடியேறினார். "நீல வெளிச்சம் இரண்டு இருக்குது மகள், எது?" என்றார். எங்கள் மூவருக்கும் கை நடுங்கியது. பெட்டியில் ஒட்டியிருந்த இலக்கத்தை வாசிக்கச் சொல்லி, சரியானதுதானா என்று இரண்டு தரம் கேட்டு, பொத்தானை அழுத்தி அணைத்து மீண்டும் போடச் சொன்னோம். புதிய விதியை நாங்கள் நிரந்தரமாகச் சேமித்திருக்கவில்லை. அதனால் சேர்வர் எழும்பும்போது பழைய விதிகளோடு எழும்பியது. கதவும் திறந்தது. அந்த அறுபது பேரில் அந்த அங்கிளும் ஒருவர்.

இது கனமூலைக்காரருக்கு மட்டும் நடப்பதல்ல. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் உலகமெங்கும் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். அவர்களுடைய பொறியியலாளர்களும் தங்கள் வலையமைப்பிலிருந்து தாங்களே வெளியே அடைபட்டு, நேரில் ஆளனுப்பித்தான் திருத்தினார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. விதியை மாற்றுமுன், "பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பு" என்று சேர்வருக்கு ஒரு கட்டளை கொடுத்துவிடுவோம். மாற்றிய பிறகும் உள்ளே வர முடிந்தால் அந்தக் கட்டளையை ரத்துச் செய்வோம். முடியாவிட்டால் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் போதும்.

நாங்கள் வெளியே அடைபடுவது ஒரு ஆபத்து. பிறர் உள்ளே வருவது அதைவிடப் பெரியது. இணையத்துக்குத் திறந்த ஒரு சேர்வரின் பதிவேட்டைப் பார்த்தால், யாரென்று தெரியாதவர்கள் இரவு பகலாகக் கதவைத் தட்டியிருப்பது தெரியும். மனிதர்கள் அல்ல, கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயலும் இயந்திரங்கள். அதனால் நாங்கள் கடவுச்சொல்லால் உள்ளே போவதில்லை. சாவிச் சோடி ஒன்று உண்டு. பூட்டுப் போன்ற பாதி சேர்வரில் இருக்கும், சாவிப் பாதி எங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. அதற்கும் முன்னால் வீ.பி.என் என்ற தனிவழி, அதில் கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாவது உறுதிப்படுத்தல். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் எரிபொருள் குழாய்வழி நாட்கணக்கில் நின்றது. பாவனையில் இல்லாத ஒரு வீ.பி.என் கணக்கும் வெளியே கசிந்த ஒரு கடவுச்சொல்லும் அதற்குப் போதுமாயிருந்தன. இரண்டாவது உறுதிப்படுத்தல் அங்கே இருக்கவில்லை. எங்களில் ஒருத்தி விடுமுறையில் போனாலும் அவளுடைய கணக்கை அன்றே மூடிவிடுகிறோம். அவள் கோபிப்பதில்லை.

இவ்வளவும் செய்தும் ஒரு நாள் பிழைக்கலாம். அதற்காகத்தான் பெக்கப். 2023 ஆகஸ்டில் எங்கள் நாட்டு அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பே தாக்கப்பட்டது. மென்பொருள் பழையதாக இருந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான பிரதிகளும் இருக்கவில்லை. அந்தக் காலத்து மின்னஞ்சல்கள் போனது போனதுதான். எங்கள் பெக்கப் இரவில் தானாக ஓடுகிறது, வேறொரு இடத்தில் சேர்கிறது. மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம். எடுத்துப் பார்க்காத பெக்கப்பை நம்பி இருக்க முடியாது.

இனி வீட்டுப் பக்கம். வீட்டிலிருந்து கணினி வேலை செய்வது பெண்களுக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் 1962இல் ஸ்டெபனி ஷேர்லி என்பவர் வெறும் 6 பவுணோடு ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். பிள்ளைகளுக்காக வேலையை விட்ட பெண்கள் வீட்டிலிருந்தே காகிதத்தில் புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். முதல் 300 ஊழியர்களில் ஆண்கள் மூவர்தான். தம் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால் "ஸ்டீவ்" என்று ஆண் பெயரில் கையெழுத்திட்டார். தொலைபேசியில் பிள்ளையின் சத்தம் கேட்காதிருக்கத் தட்டச்சுச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்து ஓடவிட்டார். அறுபது வருடம் கழித்து நாங்களும் பிள்ளை அழுதால் மைக்கை அணைக்கிறோம்.

வீட்டில் இருப்பதால் வேலையில் இல்லை என்று வீட்டார் நினைக்கிறார்கள். வீட்டில் இருப்பதால் எப்போதும் வேலையில் இருக்கிறோம் என்று அலுவலகம் நினைக்கிறது. இரண்டு பக்கமும் இழுபடுவது நாங்கள்தான். ஒரு நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்பிய வேளையிலும் அழைப்பு வந்தது. அதன் பிறகுதான் மூவரும் முறை வைத்துக்கொண்டோம். ஒரு இரவுக்கு ஒருத்தி, மற்ற இருவரின் தொலைபேசி மௌனம். நிறுவனத்திடம் அதை எழுத்தில் வாங்கினோம். வீட்டில் ஓர் அறைக்குக் கதவு போட்டோம். தங்கைகளே, சேர்வருக்குப் போகும் வழியைப் படிப்பதோடு, வேலை முடிந்ததும் அதை மூடிவிட்டு எழுந்து வரவும் பழகுங்கள். இதைத் தனியாகச் செய்யாதீர்கள். குறைந்தது இருவராவது சேர்ந்து செய்யுங்கள்.

முடிவாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பாடசாலைக் கணினி அறையில் மாணவிகள் உடைத்துப் பழகுவதற்கென்று ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு ஒரு சேர்வர் வையுங்கள். நாங்கள் அறுபது பேரின் சம்பளத்தோடு செய்த பிழையை அவர்கள் அதில் செய்து பார்க்கட்டும். அதை அமைத்துக் கொடுக்க நாங்கள் தயார். இந்த மலரை லண்டனிலோ டொரொண்டோவிலோ டோஹாவிலோ இருந்து வாசிக்கும் பழைய மாணவிகளே, இந்தத் துறையில் இருப்பவர்கள் உங்களில் பலர். வாரத்தில் ஒரு மணித்தியாலம் அங்கிருந்தே அந்தச் சேர்வருக்குள் வந்து ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். விமானச் சீட்டு வேண்டாம். உங்களுக்கு ஒரு சாவிச் சோடி மட்டும் போதும், பூட்டுப் பாதியை நாங்கள் இங்கே போட்டுவைக்கிறோம்.