பனிக்காலத் தீயும் அயலட்டையும்



ஸ்காபரோவின் இந்தப் பொங்கல் மேடையில் வீடெரிந்த கதை பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். பேசத்தான் வேண்டும். நாம் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடும் இதே ஜனவரியில்தான் கனடாவில் ஹீற்றர்கள் இராப்பகலாக எரிகின்றன. ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு நாம் உறங்குகிறோம்.

2022 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணியளவில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், 19 மாடிக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தது. மூன்றாம் மாடி வீட்டின் படுக்கையறையில் நாட்கணக்காக நிறுத்தாமல் ஓடிய மின்சார ஹீற்றர் ஒன்றுதான் காரணம். வீட்டார் உயிர் தப்பி வெளியே ஓடினார்கள். அவர்கள் போனபின் தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு மூடவில்லை. மேலே 15ஆம் மாடியின் படிக்கட்டுக் கதவும் மூடவில்லை. தீ அந்த வீட்டையும் வாசல் நடையையும் விட்டு அதிகம் நகரவில்லை, ஆனால் புகை கட்டடம் முழுவதும் ஏறியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் பிள்ளைகள். அத்தனை பேரையும் கொன்றது புகை. அலாரம் காரணமில்லாமல் அடிக்கடி அடித்துப் பழகிய கட்டடம் அது. அன்று அது உண்மையாக அடித்தபோதும் பலர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

இதே பிரொங்ஸில் 2017 டிசம்பர் 28ஆம் திகதி ஒரு குழந்தை அடுப்போடு விளையாடியதில் பிடித்த தீ 13 உயிர்களைக் கொண்டுபோனது. அங்கும் தப்பி ஓடியவர்கள் விட்டுச்சென்ற கதவு திறந்தே கிடந்தது. அதன் பிறகுதான் நகரசபை தானாக மூடும் கதவுக்குச் சட்டத்தை இறுக்கியது. சட்டம் வந்தும் நான்கு ஆண்டில் இன்னொரு கதவு மூடாமல் நின்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நம் வீடுகளைப் பார்ப்போம். வடை பொரித்தால் கத்துகிறது என்று அலாரத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்த வீடுகள் இந்த மண்டபத்தில் எத்தனை? அதன்மேல் பொலித்தீன் பையைக் கட்டியவர்கள் எத்தனை பேர்? எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் பேசப் போகிறோம். சாமியறை விளக்கை எரியவிட்டு வேலைக்குப் போகிறோம். பேஸ்மன்றில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள், குளிர் தாங்காமல் நீட்டு வயரில் ஹீற்றரைச் செருகிக் கட்டிலோடு ஒட்டி வைக்கிறார்கள். அது நேரே சுவர்ச் செருகியில் இருக்க வேண்டும். துணியும் மெத்தையும் அதிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் புகை அலாரம் வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். வாடகைக்கு விட்டவர்தான் அதைப் பொருத்திப் பராமரிக்க வேண்டும். வீடு வாடகைக்கு விட்டிருக்கும் அண்ணன்மாரே, இதைப் பணிவாகவே கேட்கிறேன்: கீழே உறங்குவதும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை.

2022இல் எரிந்த அந்தப் பிரொங்ஸ் கட்டடத்தில் இருந்தவர்களில் பலர் மேற்கு ஆபிரிக்காவின் காம்பியாவிலிருந்து வந்தவர்கள். மிகச் சிறிய நாடு. ஊரோடு ஊராக வந்து ஒரே கட்டடத்தில் குடியேறிய சனம், நம்மைப் போல. தீ அணைந்த அன்றே அயலில் இருந்த காம்பிய இளைஞர் அமைப்பின் சிறிய அலுவலகம் போர்வையாலும் உணவாலும் நிறைந்தது. பள்ளிவாசல் வேண்டியவர்களுக்குத் திறந்தது. ஒரு வாரத்தில், ஜனவரி 16 அன்று, 15 பேரின் ஜனாசாவை ஒரே கூரையின் கீழ் வைத்துத் தொழுது அனுப்பினார்கள்.

நம் கனடாவிலும் இப்படி நடந்தது. 2019 பெப்ரவரி 19ஆம் திகதி ஹலிஃபக்ஸ் நகரின் ஸ்பிரைஃபீல்டில் ஒரு வீடு எரிந்தது. சிரியாவின் போரிலிருந்து தப்பி, 2017இல்தான் கனடா வந்த குடும்பம். ஏழு பிள்ளைகளும் போய்விட்டார்கள். தகப்பன் கடும் தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தார். தாய்க்கு இந்த மண்ணில் சொந்தம் என்று யாரும் இருக்கவில்லை. அவர்களை வரவழைத்த ஆதரவாளர் குழுவும் ஹலிஃபக்ஸ் முஸ்லிம் சமூகமும் அந்தத் தாயைத் தாங்கின. முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் வந்து நின்றார்கள்.

நமக்கு இது விளங்கும். இலங்கையில் 1983 ஆடிக் கலவரத்தின்போது உடுத்த துணியோடு வீட்டை விட்டு ஓடியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அன்று கொழும்பில் தம் அறைக்குள் ஒளித்துவைத்துச் சோறு தந்த சிங்கள அயலவர்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஊரில் செத்தவீடு என்றால் அந்த வீட்டு அடுப்பு எரியாது. அயலட்டை சமைத்துக் கொடுக்கும். யார் எந்த நேரத்துக்கு என்று பெண்கள் தமக்குள் பேசி முடிப்பார்கள். முப்பத்தோராம் நாள்வரை அந்த வீட்டை ஒருவரும் தனியே விடுவதில்லை. எரிந்த வீட்டையும் நாம் அப்படித்தான் நடத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது என்ன செய்கிறோம்? முதல் மூன்று நாள் தொலைபேசி ஓயாது. பழைய உடுப்பு மலையாகக் குவியும். அளவு சேராத சப்பாத்தை வைப்பதற்கு அந்தக் குடும்பத்திடம் இடமே இல்லை. செஞ்சிலுவைச் சங்கம் தங்குமிடமும் உணவும் தருவது முதல் சில நாட்களுக்கே. அதன் பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்குகிறது. கட்டடத்துக்கு வீட்டுக்காரரின் காப்புறுதி இருக்கும். வாடகைக்கு இருந்தவரின் கட்டிலுக்கும் கணினிக்கும் அது ஒரு சதமும் தராது. குடியிருப்போர் காப்புறுதியை அவர் தனியே எடுத்திருக்க வேண்டும். கடவுச்சீட்டு, பிறப்பு அத்தாட்சி, ஊரிலிருந்து காத்துக் கொண்டுவந்த ஒரேயொரு அப்பாவின் படம் எல்லாம் சாம்பலாகியிருக்கும். படிவம் நிரப்ப, அலுவலகத்தில் மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறாதபடி அதே வட்டாரத்தில் ஓர் அறை வேண்டும். வீட்டை இழந்த பிள்ளைக்குத் தெரிந்த ஆசிரியரின் முகமாவது மிஞ்ச வேண்டாமா? பணத்தைக் கூட்டத்தின் நடுவே படம் பிடித்துக் கொடுக்காதீர்கள். வாங்குகிற கைக்கும் மானம் உண்டு.

இந்த நகரில் நம் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஊரில் கிணறு வெட்டுகின்றன, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுகின்றன. அது பெருமைக்குரிய தொண்டு. அதே கை, பக்கத்துத் தெருவில் எரிந்த வீட்டுக்கும் நீள வேண்டும். வீடு எரிந்த பிறகு உண்டியல் குலுக்கத் தொடங்கினால் உதவி பிந்திப் போகும். சங்கத் தலைவர்களே, அவசர நிதி ஒன்றை இந்த மாதக் கூட்டத்திலேயே தொடங்குங்கள். எரிந்தது தமிழர் வீடா என்று கேட்காமல் அதைக் கொடுங்கள்.

மற்றவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். இன்றிரவு படுக்கப் போகுமுன் அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பாருங்கள், கத்தாவிட்டால் பற்றரியை மாற்றுங்கள். தீ என்று ஓடினால் கதவைச் சாத்திவிட்டு ஓடப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பக்கத்து வீட்டில் முதியவர் தனியே இருக்கிறாரா என்று நாளைக்கே கதவைத் தட்டிக் கேளுங்கள். எங்காவது ஒரு குடும்பம் வீட்டை இழந்தால், முதல் வாரம் போனவர்கள் மூன்றாம் மாதமும் போங்கள்.