ஆப்பத்தில் இருந்த கள் எங்கே போனது?

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஜாம் பாட்டிலில் இனிப்பு சவர்டோ ஸ்டார்ட்டர், அதாவது மாவைப் பொங்க வைக்கும் புளிமாவு, கொடுத்தாராம். பன் பஞ்சு மாதிரி வருகிறதாம். "இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது, நம்மகிட்ட இப்படி ஒண்ணும் கிடையாதும்மா" என்கிறானாம் மகன். அது சரியா என்பதுதான் கேள்வி.

சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

பாதிக் கதை உங்களுக்கே தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாவைக் கரைத்து வைத்தால் தானாகப் புளிக்கும் என்பது பழைய எகிப்தில் ரொட்டி சுட்டவர்களுக்கே தெரியும். புளிக்க வைப்பது உயிருள்ள நுண்ணுயிர்கள் என்று லூயி பாஸ்டர் எழுதியது 1857இல். 1868இல் அமெரிக்காவில் பிளைஷ்மன் சகோதரர்கள் ஈஸ்ட்டைக் கட்டியாக்கி விற்க ஆரம்பித்தார்கள், புளிமாவைப் பாதுகாக்கும் வேலை வீடுகளில் குறைந்தது. சான்பிரான்சிஸ்கோவில் 1849இல் தொடங்கிய பூடான் பேக்கரி போன்ற சில கடைகள் பழைய மாவை விடவில்லை. 1971இல் அந்த ஊர்ப் புளிமாவில் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்து ஊர் பெயரையே வைத்தார்கள். அதே பாக்டீரியா இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இருப்பது பின்னால் தெரிந்தது. அதற்குள் உலகம் முழுக்க சவர்டோ என்றால் சான்பிரான்சிஸ்கோ என்று ஆகிவிட்டது.

நம் ஊரில் வீட்டுச் சவர்டோ பரவலானது 2020இல். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் கிருமிப் பரவல் முறியடிப்புக் காலம். கடைகளில் ஈஸ்ட் கிடைப்பது சிரமமானது. கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து வைத்தவர்கள், மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்கும் அடுத்த புளோக்குக்கும் கொடுத்தார்கள்.

அதில் இனிப்பு வகை ஏன் தனி? மாவில் சர்க்கரை சேர்ந்தால் அது தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். புளிப்பைத் தரும் பாக்டீரியா அதில் தளர்ந்துபோகும், ஈஸ்ட் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதனால் மாவு உப்பும், புளிப்பு அடங்கும். மிலான் நகரத்துப் பேக்கரிக்காரர்கள் கிறிஸ்துமஸ் கேக்குக்கான புளிமாவு அதிகமாகப் புளித்துவிட்டால், அதைத் துண்டு போட்டு, சிறிது சர்க்கரை கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைப்பார்கள்.

இனி எனக்குப் பிடித்த இடம். 1874, தோக்கியோ. கிமுரா யாசுபே என்ற பேக்கரிக்காரருக்கு நல்ல ஈஸ்ட் கிடைக்கவில்லை. ஜப்பானியர் அரிசி மது காய்ச்சப் பயன்படுத்தும் புளிப்பையே எடுத்து மாவைப் பொங்க வைத்தார், உள்ளே இனிப்புப் பயற்றுப் பூரணம் வைத்தார். 1875 ஏப்ரல் 4 அன்று அந்த பன் பேரரசர் மெய்ஜியின் முன் வைக்கப்பட்டது. அந்தக் கடை இன்றும் தோக்கியோவின் கின்சாவில் இருக்கிறது. ஒரு நாடு தன் மதுவின் புளிப்பைப் பேரரசர் வரை கொண்டுபோனது. நம்முடைய புளிப்பு என்ன ஆனது?

நம்முடையது கள். தென்னம்பாளையை இறுகக் கட்டி, தட்டிப் பதமாக்கி, நுனியை மெல்லிசாகச் சீவி, கலயத்தைக் கட்டுவார்கள். சொட்டும் சாறு தேன் போல இனிக்கும். கலயத்தில் முந்தைய நாள் மண்டி ஒட்டியிருக்கும், அதில் ஈஸ்ட் இருக்கும். சாறு விழ விழப் புளிக்கத் தொடங்கிவிடும், இறக்கும்போதே நுரை தள்ளும். புளிக்கக் கூடாது என்றால் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள், கிடைப்பது பதநீர். ஒரே மரம், ஒரே சாறு. வித்தியாசம் சுண்ணாம்பில் இருக்கிறது. பாஸ்டர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, புளிப்பை எப்போது ஓட விடுவது, எப்போது நிறுத்துவது என்று மரமேறிகளுக்குத் தெரிந்திருந்தது. இனிப்பு ஸ்டார்ட்டர் என்றால் இதைவிட வேறென்ன?

அந்தக் கள்ளில் ஒரு கிண்ணம் அரிசி மாவில் விழுந்தால் ஆப்பம். கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான் சுட்டார்கள். கோவாவில் பாவ் ரொட்டியும் கள்ளில்தான் பொங்கியது. இங்கே மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்த் தொழிலாளர்களை நம்பிக் கள்ளுக்கடைகள் நடந்தன.

பிறகு கள்ளுக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் 1937 அக்டோபர் 1 அன்று, அப்போது சென்னை மாகாண அரசுக்குத் தலைமை வகித்த ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948இல் மாகாணம் முழுவதும். 1971இல் தளர்த்தினார்கள், 1974இல் கடைகளை மறுபடி மூடினார்கள், 1981இல் திறந்தார்கள். 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. இடையில் 1983இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் வந்துவிட்டது. குடியால் சிதைந்த குடும்பங்களின் வலியை நான் குறைத்துப் பேசவில்லை. மதுவிலக்கு கேட்ட பெண்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் ஆலையில் வடித்த சரக்கு அரசாங்கக் கடையிலேயே விற்கிறது, மரத்திலிருந்து இறங்கும் கள் மட்டும் குற்றமாக இருக்கிறது. இது அநியாயம் என்றுதான் சொல்வேன். மரமேறியின் பிழைப்பு போனதோடு ஆப்பமாவின் புளிப்பும் போனது. அந்த இடத்துக்குச் சோடா உப்பும் ஈஸ்ட் பொடியும் வந்தன.

முழுவதும் போகவில்லை. தேங்காய் உடைத்த தண்ணீரில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டு ஓரிரவு வைத்து, நுரைத்ததும் ஆப்பமாவில் ஊற்றுகிற பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கள் கிடைக்காத இடத்தில் கள்ளின் வேலையை வாங்கும் வழி அது. தேக்கா சந்தையில் தேங்காய் வாங்குகிற யாரும் நாளைக்கே செய்து பார்க்கலாம்.

பாட்டில் வைத்திருக்கும் நேயருக்கு ஒரு அளவு: 20 கிராம் ஸ்டார்ட்டருக்கு 60 கிராம் மாவு, 30 கிராம் தண்ணீர், 10 கிராம் சர்க்கரை. கெட்டியாகப் பிசையுங்கள். நம் ஊர் வெக்கையில் தளர்ந்த மாவு சீக்கிரம் புளித்துப்போகும், கெட்டி மாவு நிதானமாகப் பொங்கும். இரு மடங்கு ஆனதும் குளிர்பெட்டியில் வையுங்கள். இளஞ்சிவப்பு நிறமோ பச்சைப் பூஞ்சையோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஆக, சான்பிரான்சிஸ்கோவுக்கு ஒரு பாக்டீரியாவின் பெயர் கிடைத்தது, தோக்கியோவுக்குப் பேரரசரின் பார்வை கிடைத்தது, நம் மரமேறிக்கு வழக்கு கிடைத்தது. மகனிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பாட்டி, அம்மாச்சி, அப்பாயி யாராவது ஆப்பமாவைக் கள்ளிலோ தேங்காய்த் தண்ணீரிலோ புளிக்க வைத்திருந்தால், எந்த ஊரில், எப்படி என்று எங்களுக்கு எழுதுங்கள். அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதுங்கள்.