கலோரி குறைந்த குவார்ட்டர் எது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டு பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். ஆனால் இது என் வயசுக்காரர்கள் உண்மையாகவே கேட்கிற கேள்வி. முப்பதைத் தாண்டியாச்சு, தொப்பை விழுந்தாச்சு, மெடிக்கல் செக்கப்பில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதியும் கொடுத்தாச்சு. உடனே, "மாப்ளே, பிராந்தியை விட்டுட்டு வோட்காவுக்கு மாறிட்டேன், அதுல கலோரி கம்மியாம்" என்கிறார்கள். இன்ஜினியரிங் படித்த நாம் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்குக் கலோரி புதிதல்ல. ஒரு கிலோ கிளிங்கர் சுட சுமார் 700 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். சாப்பாட்டுக்குச் சொல்கிற கலோரியும் அதே கிலோ கலோரிதான். ஒரு கிராம் சர்க்கரைக்கு 4, கொழுப்புக்கு 9, ஆல்கஹாலுக்கு 7.

இப்போது கணக்கு. குவார்ட்டர் 180 மில்லி. நம் மாநிலத்துக் கடைகளில் பிராந்தி, ரம், விஸ்கி, வோட்கா எல்லாமே வழக்கமாக 42.8 சதவீதம். அதாவது 77 மில்லி ஆல்கஹால். எடையில் சுமார் 61 கிராம். ஏழால் பெருக்கினால் ஏறக்குறைய 425 கலோரி. நிறமும் வாசனையும் மாறும், கணக்கு மாறாது. அந்த வெப்பத்தில் அரை கிலோவுக்கு மேல் கிளிங்கர் சுட்டுவிடலாம்!

பீர்? 650 மில்லி பாட்டில், 5 சதவீதம் என்றால் சுமார் 250. எட்டு சதவீத 'ஸ்ட்ராங்' என்றால் 350-ஐத் தாண்டும். ஆக, கலோரியைத் தீர்மானிப்பது பெயரல்ல, சதவீதமும் அளவும்தான். இதோடு 300 மில்லி கோலா கலந்தால் இன்னொரு 125. தொட்டுக்க ஐம்பது கிராம் வறுத்த கடலை, கிட்டத்தட்ட 280. சோடா, தண்ணீருக்குக் கலோரி கிடையாது. பாட்டிலில் 2019 முதல் எச்சரிக்கை வாசகம் உண்டு. கலோரி அச்சிட வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. கணக்கை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

சிலர் ராத்திரி சாப்பாட்டைக் குறைத்துச் சரிக்கட்டுகிறார்கள். இது ஆபத்து. வெறும் வயிற்றில் போதை சீக்கிரம் ஏறும். இன்சுலினோ சில வகை சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கமே வரலாம்.

இன்னொன்று. ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடம்பில் கிடங்கு இல்லை. கல்லீரல் அதைத்தான் முதலில் எரிக்கும். கொழுப்பு காத்துக் கிடக்கும். கோலாவை விட்டு சோடாவுக்கு மாறினால் இடுப்புக்குக் கொஞ்சம் லாபம். கல்லீரலுக்குப் போகும் 61 கிராம் அப்படியேதான் போகும். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பைக்கில் திரும்பும்போது, ஊதச் சொல்லும் போலீஸ்காரரிடம் "கலோரி கம்மிதான் சார்" என்று சொல்ல முடியாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம்.

பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. நல்ல செய்தியும் உண்டு. குடியால் வந்த ஃபேட்டி லிவர், ஆரம்பக் கட்டத்தில் குடியை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தம்பிகளே, 21 வயது ஆகாதவர்களுக்கு விற்பதே சட்டப்படி தப்பு. ஆரம்பிக்காதவர்கள் ஆரம்பிக்காமலே இருங்கள். என் வயசு நண்பர்களே, இன்று இரவு பேட்ச் பேட்ச்சாகக் கூடப் போகிறோம். அங்கே ஒருவன் "எனக்கு வேண்டாம்டா" என்று சொன்னால், "ரொம்பத்தான் பண்றே" என்று டம்ளரை நீட்டாதீர்கள். அவன் கையில் மெடிக்கல் ரிப்போர்ட் இருக்கலாம். வெளியே சொல்லாமல் இருக்கலாம். ஒரு மோர் வாங்கிக் கொடுங்கள்.